நாலாம் மாடிக் குறிப்புகள் (ரங்கூன், 2024)

பிப்ரவரி 12, திங்கள்

புரோகிராம் எழுதப் படிக்க ஆரம்பித்தாயிற்று. தம்பியின் பழைய லேப்டாப்தான். பேட்டரி 2 மணி 10 நிமிஷம் தாங்குகிறது, கடிகாரம் வைத்துப் பார்த்துவிட்டேன். அத்தை மகன் போனில் சொன்னது: "ஜாவாஸ்கிரிப்ட் ஒன்று போதும், வேறு எதையும் தொடாதே. எழுத ஒரு எடிட்டர், ஓட்டிப் பார்க்க ஒரு பிரவுசர். நெட் இல்லாவிட்டாலும் ஓடும்." அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே சரி என்றேன். மே மாதம் அவன் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம். ஒரு பரீட்சை, வீட்டிலிருந்தே எழுதலாம்.

பட்டாளத்தில் சேருவது கட்டாயம் என்று அறிவித்த சனிக்கிழமை ராத்திரியிலிருந்து வீட்டில் யாரும் டிவி போடவில்லை.

பிப்ரவரி 13

எனக்கு 28. தம்பிக்கு 20. அம்மா இந்த இரண்டு எண்ணையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு அரிசி புடைக்கிறாள்.

பிப்ரவரி 18, ஞாயிறு

இன்று பாடம் குறைவு, கதை அதிகம். இந்த மொழியை 1995 மே மாதம் நெட்ஸ்கேப்பில் இருந்த பிரெண்டன் ஐக் 10 நாளில் எழுதிக் கொடுத்தாராம். முதலில் மோக்கா, அப்புறம் லைவ்ஸ்கிரிப்ட், டிசம்பரில் ஜாவாஸ்கிரிப்ட். ஜாவா அப்போது எல்லார் வாயிலும் இருந்த பேர், ஒட்டிக்கொண்டார்கள். மற்றபடி இரண்டும் வேறு வேறு மொழி.

ஒரு வருஷத்துக்குள் மூன்று பேர். எங்களுக்கு அது புதிதில்லை. கோயிலில் ஒரு பேர், தெருவில் ஒரு பேர், அடையாளக் கார்டில் ஒரு பர்மியப் பேர். கார்டில் இருக்கிற பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் தம்பி திரும்பியே பார்க்கமாட்டான். இப்போது திரும்புகிறான்.

பிப்ரவரி 25

ஈவென்ட் லிசனர் எனக்கு 5 நிமிஷத்தில் புரிந்துவிட்டது. புத்தகம் 2 பக்கம் இழுக்கிறது. நம் பால்கனிக் கயிறுதான் அது. நாலாம் மாடியில் மணி, அதிலிருந்து தெரு வரை கயிறு, நுனியில் ஒரு கிளிப். கீழே யாராவது இழுத்தால் மேலே மணி அடிக்கும். அதுவரை நான் எட்டிப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டாம், சோறு வடிக்கலாம், தூங்கலாம். பேப்பர்காரன் ஒரு இழுப்பு, தோசைக்கு வருகிறவர்கள் நாலைந்து இழுப்பு, தம்பி இரண்டு இழுப்பு கொஞ்சம் விட்டு ஒன்று. வெப் பக்கத்தில் இருக்கிற பட்டனும் அப்படித்தான். கயிறு கட்டிவிட்டு, இழுத்தால் என்ன செய்யவேண்டும் என்று எழுதிவைத்துவிட்டு, நம் வேலையைப் பார்க்கலாம்.

அம்மா இப்போதெல்லாம் ஒவ்வொரு மணிக்கும் எழுந்து நிற்கிறாள்.

மார்ச் 3

எதையாவது கட்டினால்தான் படிப்பு ஏறும் என்று, ஒரு கரண்ட் பதிவேடு. இரண்டு பட்டன்: "வந்தது", "போச்சு". அமுக்கினால் நேரம் பதிய வேண்டும். வாரக் கடைசியில் மொத்தம் எத்தனை மணி நேரம் விளக்கு எரிந்தது என்று சொல்ல வேண்டும். பேர்களை எல்லாம் தமிழிலேயே வைத்தேன். பதிவேடு என்று ஒரு கிளாஸ், அதற்குள் பட்டியல், சேர், கூட்டு. விளையாட்டாகத்தான் செய்தேன், முனகாமல் ஓடியது! 10 நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளாஸ் என்பது முறுக்கு அச்சு, பிழிந்து வருவது ஆப்ஜெக்ட் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த மொழியில் அது பாதிதான் உண்மையாம். கிளாஸ் என்ற சொல்லே 2015-இல்தான் வந்தது, அதுவும் மேல்பூச்சு. அடியில் இருப்பது புரோட்டோடைப். ஒரு ஆப்ஜெக்டிடம் எதையாவது கேட்டால், தன்னிடம் இல்லையென்றால் தனக்கு மேலே இருப்பதைக் கேட்கும், அது தனக்கு மேலே. கடைசியில் நல் (null), அதாவது ஒன்றுமில்லை, அதற்கு மேல் கேட்க ஆளில்லை. நம் வீட்டில் சொந்த ஊர் எது என்று கேட்டால் நடப்பது இதுதான். எனக்குத் தெரியாது, அம்மாவைக் கேளுங்கள். அம்மாவுக்குத் தெரியாது, ஆத்தாளைக் கேட்டாள். ஆத்தா "தஞ்சாவூர்ப் பக்கம்" என்றாள். அதோடு சரி.

மார்ச் 9, சனி

மூன்று நாளாக ஒரே சிவப்பு வரி. "அன்டிஃபைன்டிலிருந்து புஷ்ஷைப் படிக்க முடியாது." இல்லாத ஒன்றில் எதையும் சேர்க்க முடியாது என்று அர்த்தம். எழுத்து எழுத்தாகப் பார்த்துவிட்டேன், பிழை இல்லை. கிளாஸுக்குள் பட்டியல் இருக்கிறது. சேர் இருக்கிறது. நானே கன்சோலில் பதிவேடு புள்ளி சேர் என்று கூப்பிட்டால் ஒழுங்காகச் சேர்க்கிறது. பட்டனை அமுக்கினால் பட்டியல் என்றாலே என்ன என்று கேட்கிறது.

எல்லாம் இந்த திஸ் என்கிற சொல் செய்கிற வேலை. "என்னுடைய பட்டியல்" என்று எழுத திஸ் புள்ளி பட்டியல் என்று எழுதியிருக்கிறேன். என்னுடைய என்றால் பதிவேட்டுடைய என்றுதானே எவரும் நினைப்பார்கள்? இங்கே அப்படி இல்லை. எங்கே பிறந்தது என்பது கணக்கில்லை, யார் கூப்பிடுகிறார்கள் என்பதுதான் கணக்கு. பதிவேடு கூப்பிட்டால் திஸ் என்பது பதிவேடு. அதே சேர் என்கிற வேலையைக் கழற்றிப் பட்டனிடம் கொடுத்தால், அமுக்கும்போது திஸ் என்பது பட்டன். பட்டனிடம் ஏது பட்டியல்? அது தன்னைத் தடவிப் பார்த்துவிட்டுக் கைவிரிக்கிறது.

ராத்திரி தம்பியிடம் சொன்னேன். இருட்டில் படுத்துக்கொண்டே கேட்டான்: "அதாவது கூப்பிடுறவன் கையிலதான் இருக்கா, அக்கா?" ஆமாம் என்றேன். பிறகு அவனும் பேசவில்லை நானும் பேசவில்லை.

மார்ச் 10

பைன்ட். கட்டிப்போட்டால் யார் கூப்பிட்டாலும் திஸ் மாறாது. வேலை செய்கிறது. காலை 9:04, முதல் பதிவு.

மார்ச் 21

நல் என்ன வகை என்று கேட்டால் ஆப்ஜெக்ட் என்கிறது. முதல் நாளிலிருந்தே இருக்கிற பிழையாம். திருத்தினால் அதை நம்பி எழுதிய பழைய பக்கங்கள் உடையும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். ஒன்றுமில்லாததை ஒன்று என்று 29 வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

எரிச்சலாக இருக்கிறது. எல்லாவற்றின் மேலும்.

மார்ச் 30, சனி

பக்கத்துப் பேட்டையில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கச் சீட்டுக் குலுக்கினார்களாம். தோசை வாங்க வந்த அக்கா கீழேயிருந்தே சொன்னது. அம்மா மாவுக் கையோடு காளியம்மன் கோயிலுக்குப் போய்விட்டாள். மீதி 14 தோசை நான் ஊற்றினேன். இரண்டு கருகிவிட்டன.

ஏப்ரல் 6, சனி

நேற்று ராத்திரி 1 மணிக்குக் கரண்ட் வந்தது. தெரு முழுக்க "மீ லா பீ!" என்று ஒரே கூச்சல், எல்லா மாடியிலும் தண்ணீர் மோட்டார் ஒரே நேரத்தில் உறுமுகிறது. நான் முதலில் மோட்டாரைப் போட்டேனா பட்டனை அமுக்கினேனா என்றால் வெட்கமாக இருக்கிறது. பட்டனைத்தான்.

காலையில் திறந்தால் அந்தப் பதிவு முந்தின நாள் தேதியில், 18:30 என்று இருக்கிறது. ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். பிரவுசர் தகவலைச் சேமித்து வைக்கிற லோக்கல் ஸ்டோரேஜில் எழுத்தைத் தவிர எதுவும் போகாது. அதனால் ஜேசன் என்கிற வடிவத்தில் எழுத்தாக்கி வைக்கிறேன். அப்படி ஆக்கும்போது தேதி கிரீன்விச் நேரத்துக்குப் போய்விடுகிறது. நமக்கும் அதற்கும் ஆறரை மணி நேரம். அது தப்பில்லை, திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். எனக்கு உறைத்தது வேறு. திரும்பி வருவது தேதியே இல்லை, தேதி மாதிரி இருக்கிற வெறும் எழுத்து. மணி என்ன என்று கேட்டால் "அப்படி ஒரு ஃபங்ஷன் இல்லை" என்கிறது. பதிவேடும் அப்படித்தான். உள்ளே போட்டபோது சேர்க்கத் தெரியும், கூட்டத் தெரியும். வெளியே எடுத்தால் பேர் இருக்கிறது, எண் இருக்கிறது, ஒரு வேலையும் தெரியவில்லை. எந்தக் கிளாஸிலிருந்து வந்தது என்பதையே மறந்துவிட்டு வந்து நிற்கிறது.

ஒவ்வொன்றையும் கையால் புதிதாகப் பிறப்பித்து, பழைய தகவலை ஊட்ட வேண்டும். ஊட்டினேன். மாதம் வேறு வம்பு. ஏப்ரலுக்கு 3 என்கிறது. தேதியை 1-லிருந்து எண்ணும், மாதத்தை 0-விலிருந்து எண்ணும். ஜாவாவைப் பார்த்துக் காப்பியடித்த புண்ணியம்.

ஏப்ரல் 14

புத்தாண்டு. கீழே தெருவில் திருவிழாத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் இந்த வருஷமும் குறைவு. அம்மா பாயசம் வைத்தாள், பச்சடி இல்லை, வேப்பம்பூ கிடைக்கவில்லை.

ஏப்ரல் 19, வெள்ளி

விடிவதற்கு முன் தம்பிக்கு பஸ். மோல்மேனில் பெரியப்பா வீடு. பையில் இரண்டு சட்டை, பழைய போன், அம்மா கட்டிய புளியோதரை. எந்தப் பேரைச் சொல்ல வேண்டும் என்று மூன்று தடவை சொல்லிக்கொடுத்தாள். இறங்கிப் போனவன் கயிற்றை இரண்டு இழுப்பு இழுத்தான். மூன்றாவதுக்குக் காத்திருந்தோம்.

300 கிலோமீட்டர்தான்.

மாலை 5:40. தன்லுவின் பாலம் தாண்டிவிட்டான்.

ஏப்ரல் 22

பெரியப்பா, வெளியூர் ஆள் தங்கினால் அதிகாரிகளிடம் பதிகிற விருந்தாளிக் கணக்கில் தம்பி பேரை எழுதுவதா வேண்டாமா என்று யோசிக்கிறாராம். எழுதினாலும் பயம், எழுதாவிட்டாலும் பயம்.

படிக்கவில்லை.

ஏப்ரல் 28, ஞாயிறு

மக்வேப் பக்கம் சௌக்கில் 48.2 டிகிரி. இங்கே 40 தொட்டதற்கே லேப்டாப் தானாக அணைகிறது. ஈரத்துணியில் தட்டு வைத்து, தட்டின் மேல் லேப்டாப் வைத்து எழுதுகிறேன். ஒரு கிளாஸிலிருந்து இன்னொரு கிளாஸைப் பிறப்பிக்கிற பாடம்: எக்ஸ்டெண்ட்ஸ், சூப்பர். மகள் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரில் சூப்பரைக் கூப்பிடாமல் திஸ்ஸைத் தொட்டால் பிழை. முதலில் அம்மாவைக் கூப்பிடு, பிறகு நான் என்று சொல்லு. அம்மாவிடம் சொன்னேன், சிரித்தாள். பத்து நாளில் முதல் சிரிப்பு.

மே 2

வெளிநாட்டு வேலைக்கு ஆண்களிடம் மனு வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். தம்பிக்குச் சொல்லவில்லை. அவன் எங்களுக்கு முன்னாலேயே படித்திருப்பான்.

மே 3, வெள்ளி

அம்மா இருட்டில் போனைத் தேடும்போது பட்டனை அமுக்கிவிடுகிறாள். அதற்காக ராத்திரிப் பூட்டு ஒன்று போட்டேன். 10 மணிக்கு லிசனரைக் கழற்றிவிடும், காலையில் கட்டிவிடும். கழறவே இல்லை. காலையில் இன்னொன்றையும் சேர்த்துக் கட்டிக்கொள்கிறது. இன்று ஒரு அமுக்குக்கு மூன்று பதிவு. பைன்ட் ஒவ்வொரு முறையும் புது ஃபங்ஷன் ஒன்றைப் பெற்றுத் தருகிறதாம். கழற்றச் சொல்லும்போது நான் நீட்டுவது அச்சு அசல் அதே மாதிரி இன்னொன்று. "இதை நான் கட்டவே இல்லையே" என்று சத்தம் போடாமல் இருந்துவிடுகிறது. பிழைகூடக் காட்டாது. கட்டினதையே ஒரு பேரில் பத்திரமாக வைத்திருந்து, கழற்றும்போது அதையே கொடுக்க வேண்டும்.

இதைத் திருத்திக்கொண்டிருக்கும்போது அம்மா பால்கனியில் ஸ்டூல் போட்டு ஏறி மணியை அவிழ்த்தாள். கயிறு அப்படியே தொங்குகிறது. தோசை வாங்க வருகிறவர்கள் குரல் கொடுக்கட்டும் என்றாள். மணி இப்போது அரிசி டப்பாவுக்குள் இருக்கிறது, நாக்கில் துணி சுற்றி.

மே 4

பரீட்சை 8-ஆம் தேதி. நேரம் அவர்கள் ஊர்க் கணக்கில் எழுதியிருக்கிறது. அன்று நமக்கு எப்போது கரண்ட் என்று பதிவேட்டைக் கேட்டேன். போன மூன்று புதன்கிழமையும் அந்த நேரத்தில் இருட்டு.

கீழ்வீட்டு இன்வெர்ட்டரை ஒரு மணி நேரம் கேட்க வேண்டும்.

மே 5, ஞாயிறு

தம்பியிடமிருந்து இரண்டு நாளாக ஒன்றுமில்லை. அங்கே டவர் இல்லை என்று பெரியம்மா சொல்கிறாள்.

இன்றைய பதிவு ஏப்ரலில் போய் உட்கார்ந்திருக்கிறது. எங்கோ 1 கூட்ட மறந்திருக்கிறேன். பேட்டரி 6 சதவீதம், காலையில் பார்