மீன் வாங்காமல் வந்த ஞாயிறுகள்

ஏப்ரல் 13, 2025, ஞாயிறு

நாலரை மணிக்குக் காசிமேடு. செவ்வாய்க்கிழமை தடைக்காலம் தொடங்குகிறது, அதனால் மீன்பிடித் துறைமுகத்தில் கால் வைக்க இடமில்லை. நான் போனபோதே ஏலம் பாதி முடிந்திருந்தது. போதாததற்கு, கேமராவை ராத்திரி ஏசி அறையில் வைத்திருந்தேன். வெளியே எடுத்ததும் லென்ஸ் முழுக்க ஆவி. துடைக்கத் துடைக்கப் படிந்துகொண்டே இருந்தது. இருபது நிமிடம் வேடிக்கை பார்த்தேன். இனிமேல் சனிக்கிழமை ராத்திரி கேமரா ஹாலில்தான் தூங்கும்.

ஆறு மணிக்குச் சற்று முன்னால் கடல் பக்கம் வெளுத்தது. இங்கே சூரியன் படகுகளுக்குப் பின்னாலிருந்து வரும், எதிரே நிற்கிற ஆள் கறுத்துப் போவார். சரி, கறுக்கட்டும் என்று வானத்து வெளிச்சத்துக்கு அளவு வைத்து, ஷட்டரை ஆயிரத்தில் ஒரு நொடிக்குக் கொண்டுவந்தேன். மீன் ஆய்ந்து கொடுக்கும் ஆயா ஒருவர் கொடுவாவைச் சுரண்டிக்கொண்டிருந்தார். செதில்கள் அவர் தலைக்கு மேலே தெறித்து, விழுவதற்குள் ஒருமுறை பளிச்சிட்டன. கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். "எடுத்துக்கோ நைனா. எல்லாரும்தான் எடுக்குறீங்கோ, ஒர்த்தரும் கொணாந்து குடுத்ததில்ல" என்றார்.

மொத்தம் 214 படம். தேறியது மூன்று. அதில் ஆயாவுடையது நான் இதுவரை எடுத்ததிலேயே நல்ல படம் என்று நினைக்கிறேன்.

"காசிமேட்டுக்குப் போயிட்டு வெறுங்கையோட வர்ற ஒரே ஆள் நீங்கதான்" என்றாள் மனைவி.

ஏப்ரல் 20, ஞாயிறு

விசைப்படகுகள் ஒன்றோடொன்று உரசியபடி கட்டிக் கிடக்கின்றன. மீன்கள் முட்டையிடும் காலம், ஜூன் 14 வரை 61 நாள் அவை கடலுக்குப் போகக் கூடாது. பைபர் படகுகளுக்குத் தடையில்லை, அவை கரையோரமாகப் போய்க் கொண்டுவருவதை வைத்துத்தான் இப்போது வியாபாரம். வலையைப் பிரித்துப்போட்டுக் கிழிசல் பார்க்கிறார்கள், படகுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். கயிறு, நங்கூரம், உரிந்த நீலப் பெயின்ட் என்று ஐம்பது படம் எடுத்து, வீட்டுக்கு வருவதற்குள் எல்லாவற்றையும் அழித்தேன். அந்தப் படங்கள் எல்லோரிடமும் இருக்கின்றன.

ஆயாவைத் தேடிப்பிடித்துப் பிரிண்டைக் கொடுத்தேன். எட்டுக்குப் பன்னிரண்டு, மேட் தாள், செலவைப் பார்க்கவில்லை. தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் கீது. மூஞ்சி எங்க?"

பின்னால் சூரியன் இருந்தது ஆயா, அதனால் என்று ஆரம்பித்தேன். பக்கத்துக் கடைக்காரர் உதவிக்கு வந்தார்: "ஆயா, அது ஆர்ட்டு!"

"ஆர்ட்ட நீ வெச்சுக்கோ. தடை முடியட்டும் நைனா, பெரிய வஞ்சிரமா ஒண்ணு கையில வெச்சினு நிக்கிறேன், அப்போ வந்து எடு. மூஞ்சி தெரியணும்."

படத்தைத் திருப்பியும் தரவில்லை. தராசுக்கு அடியில் செருகிக்கொண்டார்.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் இன்று ஆரம்பம், நான் புறப்பட்டது எண்ணூருக்கு. வண்ணாரப்பேட்டையில் கும்மிடிப்பூண்டி லோக்கல், இறங்கி ஷேர் ஆட்டோ. கொசஸ்தலையாறு கடலைத் தொடும் முகத்துவாரம். முன்னால் கூழைக்கடா, பின்னால் அனல் மின் நிலையப் புகைபோக்கி. எண்ணூருக்கு வருகிற ஒவ்வொருவரும் எடுக்கும் படம் அது, போன வருடம் நானும் எடுத்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படர்ந்ததும் இங்கேதான். மார்பு கறுத்த கூழைக்கடாக்களின் படங்களை அப்போது பார்த்தவர்களுக்கு, இந்தப் பறவையை அழகுக்காக எடுக்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

ஆற்றுக்குள் இருளர் பெண்கள் மூன்று பேர். தண்ணீரில் குனிந்து, அடிச்சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியை வாயில் கவ்வியிருக்கிறார்கள், இரண்டு கையும் வேலையில் இருப்பதால். எடுக்கலாமா அக்கா என்று கரையிலிருந்து கேட்டேன். வாயில் பறி, தலையை மட்டும் ஆட்டினார். அது சரியா, போ என்பதா? தெரியாமல் எடுக்க மனம் வரவில்லை. முக்கால் மணி நேரம் வெயிலில் உட்கார்ந்தேன்.

கரையேறியதும் "எடுக்கச் சொல்லித்தானே தலையாட்டினேன்" என்று சிரித்தார்! இறாலை உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார். இரண்டு பிடி இருக்கலாம். விரல்களெல்லாம் சிப்பி கிழித்த கோடுகள். அதை எடுத்தேன். வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தால் ஃபோகஸ் விரலில் இல்லை, வளையலில் நிற்கிறது. ஐம்பது எம்எம் லென்ஸை 1.8-இல் திறந்துவைத்தால் ஒரு விரல் கனம்கூடத் தெளிவாக விழாது. தெரிந்தே செய்யும் தப்பு.

மே 25, ஞாயிறு

ராயபுரம் ரயில் நிலையம், சாலையில் நின்றபடியே. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. சிவப்புச் சுவர், வெள்ளைத் தூண்கள், நடுவில் எங்கே நின்றாலும் ஒரு கேபிள். ஒன்றும் தேறவில்லை. டீ நன்றாக இருந்தது.

ஜூன் 22, ஞாயிறு

தடை முடிந்து முதல் வாரம், கூட்டம் சொல்லி மாளாது. ஆயா மறக்கவில்லை. என்னைப் பார்த்ததும் பையோடு எங்கேயோ போய், வேறு சேலையில் பூ வைத்துக்கொண்டு வந்தார். வஞ்சிரம் பக்கத்துக் கடையில் இரவல். கடைக்காரர் "சீக்கிரம் ஆயா, கிராக்கி நிக்குது" என்று வாலைப் பிடித்தபடியே இருந்தார், கையை எடுக்கவே இல்லை.

நீலத் தார்ப்பாய்க்கு அடியில் முகம் நீலம் பூத்தது, வெளியே நிறுத்தினேன். மணி எட்டு, எஃப் 8, இருநூற்றைம்பதில் ஒன்று. சிரிங்க ஆயா என்றேன். சிரிக்கவில்லை. பாஸ்போர்ட்டுக்கு நிற்பதுபோல் நேராகப் பார்த்தார். ஆறு படம், ஆறும் ஒரே மாதிரி.

கேமராத் திரையில் காட்டினேன். "தோ, இதான் போட்டோ" என்றார். அப்புறம் ஓரத்தில் விரல் வைத்தார். "இவன் கை எதுக்கு? எடுத்துடு. மீனு என்னுதுன்னு நெனைக்கணும்ல."

தராசுக்கு அடியில் பழைய படம் இன்னும் இருந்தது. பின்பக்கம் முழுக்க யாரார் எவ்வளவு பாக்கி என்று பேனாவில் கணக்கு.

ராத்திரி பத்து மணிக்குக் கையை அழிக்க உட்கார்ந்தேன். கை போனால் வால் அந்தரத்தில் நிற்கிறது. வாலுக்குக் கீழே என்ன வரைவது? மனைவி தோளுக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள்.

"வஞ்சிரம் கிலோ என்ன விலை சொன்னாங்க?"

கேட்கவில்லை.