ஓரத்தில் ஒரு பென்சில் குறி

வேலையில் சேர்ந்த முதல் ஆறு மாதமும் எனக்குப் பழைய தாள்களோடுதான் போனது. 1960, 70களில் பதிவான சீஸ்மோகிராம்கள், அதாவது நில அதிர்வைக் கருவி கோடாக வரைந்த தாள்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய மூன்றடி நீளம், ஓரடி அகலம். ஒரு நாள் முழுக்க உருளையில் சுற்றி, இருட்டறையில் கழுவிக் காயவைத்த போட்டோ காகிதம். விரித்தால் உடனே சுருண்டுகொள்ளும். நாலு மூலையிலும் கையில் கிடைத்த கனத்தை வைத்து அழுத்தித்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். ஓரத்தில் முத்திரைக் கட்டம் ஒன்று இருக்கும்: நிலையத்தின் மூன்றெழுத்துக் குறி, தாளை மாட்டிய நேரம், கழற்றிய நேரம், எத்தனை மடங்கு பெருக்கம். அதில் கொடைக்கானலின் ‘கே ஓ டி’ வந்தால் மட்டும் என் கை ஒரு நொடி நிற்கும்.

சில கோடுகளின் பக்கத்தில் பென்சிலால் ‘சி’ என்றோ ‘டி’ என்றோ எழுதியிருக்கும். “மொதல் அசைவ மட்டும் பாருங்க. மேல கெளம்புச்சுன்னா சி, கீழ எறங்குச்சுன்னா டி. மத்ததெல்லாம் அப்புறம்” என்றார் எங்கள் பிரிவின் மூத்தவர். வந்த அலை நிலத்தை மேலே தள்ளியதா, கீழே இழுத்ததா என்பதுதான் விஷயம். சொல்ல எளிது. கடலலைகள் கிளப்பும் ஓயாத சிறு நடுக்கத்துக்குள் அந்த முதல் அசைவு ஒளிந்துகிடக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் பழக ஒரு மாதம் ஆனது.

அந்த ஒற்றை எழுத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1957 செப்டம்பரில் அமெரிக்கா நெவாடாவில் ‘ரெய்னியர்’ என்ற அணுகுண்டை நிலத்தடியில் வெடித்தது. அதிலிருந்து எதுவும் வெளியே கசியவில்லை. சோவியத் யூனியனும் இப்படி மறைவாக வெடித்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? 1958இல் ஜெனிவாவில் இரு தரப்பு நிபுணர்களும் கூடிப் பேசியது இதைத்தான். குண்டு எல்லாப் பக்கமும் வெளியே தள்ளும். ஆகவே எந்த நிலையத்திலும் ‘சி’தான் வர வேண்டும். நிலநடுக்கத்தில் இரண்டு பாறைப் பாளங்கள் உரசி நகர்வதால் சில திசைகளில் ‘சி’, சில திசைகளில் ‘டி’. சிறிய வெடிப்புகளில் இந்தச் சோதனை நினைத்த அளவு கைகொடுக்கவில்லை. ஆனால் மறைவான வெடிப்பைக் கண்டுபிடிக்கும் வழி தேடி அமெரிக்க ராணுவத்தின் பணம் நிலநடுக்கவியலுக்குள் கொட்டத் தொடங்கிவிட்டது. ‘வேலா யூனிஃபார்ம்’ என்பது அந்தத் திட்டத்தின் பெயர். அந்தப் பணத்தில்தான் 1961 முதல் சுமார் 60 நாடுகளில் 120 நிலையங்கள் வரை அமைந்தன. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஆறு கருவிகள், ஒரே மாதிரி கடிகாரம். கொடைக்கானல் அதில் ஒன்று. சோவியத் யூனியனிலும் சீனாவிலும் ஒன்றுகூட இல்லை.

என்னைப் பொறுத்தவரை மிகப் பெரிய காரியம் அந்தத் தாள்களைப் பூட்டி வைக்காததுதான். படச்சுருளில் நகலெடுத்து, கேட்ட ஆய்வாளருக்கெல்லாம் கொடுத்தார்கள். 1965இல் கனடாவின் புவியியற்பியலாளர் டூசோ வில்சன், கடலடி மலைத்தொடரிலிருந்து கடல்தளம் இருபுறமும் விரிகிறது என்றால், அந்தத் தொடர் துண்டுபட்டு விலகி நிற்கும் இடங்களில் பாறைகள் நகரும் திசை, நாம் பார்த்து ஊகிப்பதற்கு நேர்மாறாக இருக்கும் என்றார். அமெரிக்க நிலநடுக்கவியலாளர் லின் சைக்ஸ் இந்த நகல்களை எடுத்து, முதல் அசைவுகளைக் குறித்துக்கொண்டே போனார். 1967இல் முடிவு வந்தது: வில்சன் சொன்னது சரி. கடல்தளம் விரிகிறது என்பதை மறுப்பது அதன்பின் கடினமாகிவிட்டது. குண்டைப் பிடிக்க யோசித்த அதே ‘சி’, ‘டி’தான்!

பூட்டி வைத்ததும் நடந்தது. 1950களில் கடலாழ அளவுகளை அமெரிக்கக் கடற்படை ரகசியமாக்கியதால், கடல்தள வரைபடம் தயாரித்த மேரி தார்ப் ஆழக்கோடுகளுக்குப் பதில் மலையும் பள்ளமுமாக ஓவியம் போல வரைய நேர்ந்தது. கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கத்தை அளக்க அதே கடற்படை 1985இல் ஏவிய ஜியோசாட் செயற்கைக்கோளின் முழுத் தரவு வெளிவர 1995 ஆயிற்று. அந்தப் பத்து வருடத்தை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

குண்டுகளே அளவுகோலாகவும் ஆயின. 1965 அக்டோபர் 29இல் அலாஸ்காவின் அம்சிட்கா தீவில் ‘லாங்ஷாட்’ என்ற அணுகுண்டு நிலத்தடியில் வெடித்தது. இடமும் நேரமும் துல்லியமாகத் தெரியும். ஆனால் தொலைவு நிலையங்களின் பதிவுகளைக் கொண்டு கணக்கிட்டால் வெடித்த இடம் 20 கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே தள்ளி வந்தது. தீவுக்கு அடியில் அமிழ்ந்துபோகும் குளிர்ந்த கடல்தளப் பாளத்தில் அலை வேகமாக ஓடியதுதான் காரணம்.

என் சொந்தக் கணக்கு ஒன்றையும் அம்சிட்காதான் நேராக்கியது. ஒரு நிலையத்தின் குறிகள் மட்டும் மற்றவற்றோடு ஒட்டவேயில்லை. இரண்டு வாரம் என் கண்ணையே சந்தேகப்பட்டேன். “1971 நவம்பர் 6 தாள எடுத்துட்டு வாங்க” என்றார் மூத்தவர். அதே தீவில் ‘கேனிகின்’ என்ற அணுகுண்டு வெடித்த நாள். ஏறக்குறைய ஐந்து மெகாடன். ஐயத்துக்கே இடமில்லாமல் எங்கும் மேலேதான் போக வேண்டும். தாளை விரித்து லென்ஸை வைத்தேன். கோடு தெளிவாகக் கீழே இறங்கியிருந்தது. எப்போதோ, யாரோ, இரண்டு கம்பிகளை மாற்றி இணைத்திருக்கிறார்கள். அன்று மாலை குறிப்பேட்டை எடுத்து, அந்த நிலையத்தின் ‘டி’ ஒவ்வொன்றையும் அடித்து ‘சி’ என்றும், ‘சி’யை ‘டி’ என்றும் திருத்தி முடிக்க மணி எட்டாகிவிட்டது.