விளையாட்டுக் கொள்கையும் பள்ளிக்கூட மைதானமும்

2025 ஜூலை 1 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த புதிய தேசிய விளையாட்டுக் கொள்கையை, அதற்கு முந்தைய 1984, 2001 ஆண்டுக் கொள்கைகளோடு அருகருகே வைத்துப் படித்தேன். மூன்றும் ஒரே வாக்குறுதியைத்தான் தருகின்றன: விளையாட்டை எல்லோரிடமும் கொண்டு சேர்ப்போம், உலக அரங்கில் பதக்கமும் வெல்வோம். இந்த இரண்டில் எதற்குச் சட்டமும் பணமும் கிடைத்தன, எது வெறும் வாசகமாகவே நின்றுவிட்டது என்பதைத்தான் இங்கே பேச விரும்புகிறேன்.

1982-இல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்த ஆண்டில்தான் மத்திய அரசில் விளையாட்டுக்கென ஒரு துறையே உருவானது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1984-இல் இந்திய விளையாட்டு ஆணையம் அமைந்தது. நாட்டின் முதல் தேசிய விளையாட்டுக் கொள்கையும் அதே ஆண்டு நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. கிராமங்களில் வசதிகள், வீரர்களுக்குச் சத்துணவு, பள்ளியில் உடற்கல்வி என்று பேசும் அந்தச் சிறிய ஆவணத்தில் இன்றும் என்னை நிறுத்திப் படிக்க வைக்கும் பகுதி ஒன்று உண்டு. இருக்கிற மைதானங்களையும் திறந்தவெளிகளையும் காக்க வேண்டும், அதற்குரிய சட்டங்களைப் படிப்படியாகக் கொண்டுவர வேண்டும் என்று அது சொல்கிறது. அந்த மைதானச் சட்டம் மத்தியிலிருந்து வரவில்லை.

வராததற்குக் காரணம் அலட்சியம் மட்டுமல்ல. அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 33-ஆவது இனத்தில், நாடகம், சினிமா, கேளிக்கை ஆகியவற்றோடு விளையாட்டும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது. ஆகவே டெல்லி எழுதும் விளையாட்டுக் கொள்கை எதுவாயினும், அதை நிறைவேற்ற வேண்டிய கைகள் மாநிலத் தலைநகரங்களில்தான் இருக்கின்றன. 2001-ஆம் ஆண்டுக் கொள்கை இதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டது. விளையாட்டைப் பரவலாக்குவது முதன்மையாக மாநிலங்களின் பொறுப்பு, மத்திய அரசு துணை நிற்கும் என்றதோடு, மத்திய, மாநில அரசுகள் இரண்டுமே சட்டமியற்றக்கூடிய பொதுப் பட்டியலுக்கு விளையாட்டை மாற்றும் முயற்சி தொடரும் என்றும் அது கூறியது. பட்டியல் மாறவில்லை. மாறியிருந்தால் நல்லது நடந்திருக்கும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. பொதுப் பட்டியலுக்குப் போன கல்வியின் அனுபவம் நம் கண்முன் இருக்கிறது.

மத்திய அரசின் கையில் உண்மையில் இருப்பவை இரண்டு: நிதி, ஒவ்வொரு விளையாட்டையும் நிர்வகிக்கும் தேசிய விளையாட்டுச் சம்மேளனங்களுக்கு அளிக்கும் அங்கீகாரம். இரண்டாவதை வைத்துத்தான் கடந்த பதினைந்து ஆண்டுகளின் சண்டைகள் எல்லாம் நடந்தன. பதவியில் இருப்போருக்கு வயது வரம்பும் பதவிக்கால வரம்பும் விதித்த 2011-ஆம் ஆண்டு விளையாட்டு நெறிமுறைத் தொகுப்பு, சட்டமாக இல்லாமல் அரசாணையின் தகுதியிலேயே இருந்தது. சம்மேளனங்கள் எதிர்த்து வழக்காடின. 2014-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தொகுப்பின் பக்கம் நின்றது. இதற்கிடையே, 2012 டிசம்பரில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இந்திய ஒலிம்பிக் சங்கத்தை இடைநீக்கம் செய்துவிட்டதால், 2014 பிப்ரவரியில் ரஷ்யாவின் சோச்சியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில் நம் வீரர்கள் மூவர் தேசியக் கொடி இல்லாமல், ஒலிம்பிக் கொடியின் கீழ் நடந்து சென்றார்கள். நாற்காலிகளுக்காக நடந்த சண்டையின் விலையை, அதில் எந்தப் பங்கும் இல்லாதவர்கள் கொடுத்தார்கள். பின்னர் 2022-இல் கால்பந்துச் சம்மேளனமும், 2023-இல் மல்யுத்தச் சம்மேளனமும் தத்தம் உலக அமைப்புகளின் இடைநீக்கத்துக்கு ஆளாயின.

ஆகவே 2025 ஆகஸ்டில் நிறைவேறிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டத்தை நான் பொதுவாக வரவேற்கிறேன். சம்மேளனத்தின் செயற்குழு 15 பேருக்கு மேல் போகக் கூடாது, அதில் குறைந்தது நான்கு பெண்களும், சாதனை படைத்த விளையாட்டு வீரர்கள் இருவரும் இருக்க வேண்டும், தகராறுகளைத் தீர்க்கத் தனித் தீர்ப்பாயம் வேண்டும் என்பவையெல்லாம் நீண்ட நாள் கோரிக்கைகள். ஆனால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை அரசு நிதி பெறும் அமைப்புகளோடு நிறுத்திக்கொண்டதன் மூலம், நாட்டின் பெரும்பணக்கார விளையாட்டு அமைப்பான கிரிக்கெட் வாரியம் அச்சட்டத்திலிருந்து தப்பிக்க வாசற்கதவைத் திறந்துவிட்டது ஏன் என்பதற்கு எனக்குத் திருப்தியான விளக்கம் கிடைக்கவில்லை.

ஆக, 41 ஆண்டுகளுக்குப் பிறகு விளையாட்டுக்கு ஒரு மத்தியச் சட்டம் வந்தேவிட்டது. அது வந்தது நிர்வாகிகளை ஒழுங்குபடுத்த. 1984 சொன்ன மைதானத்துக்காக அல்ல. குழந்தைக்கு மைதானம் வேண்டும் என்று சொல்கிற மத்தியச் சட்டத்தை விளையாட்டுத் துறையில் தேடக் கூடாது, கல்வித் துறையில் தேட வேண்டும். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் இருக்க வேண்டும் என்கிறது. எவ்வளவு பெரிய மைதானம் என்று அது சொல்லவில்லை. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு குழந்தைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்றும் அதே அட்டவணை கூறுகிறது. முழுநேர ஆசிரியர் வேண்டும் என்று கூறவில்லை.

அளவு சொல்லாத விதி நடைமுறையில் என்ன ஆகும் என்பதை எங்கள் ஊர்ப் பள்ளி ஒன்றில் பார்க்கலாம். அங்கிருந்த வாலிபால் மைதானத்தில் பாதியைப் புதிய வகுப்பறைக் கட்டடம் எடுத்துக்கொண்டது. மீதிப் பாதியில் காலையில் பிரார்த்தனைக் கூட்டம் நடக்கிறது. நெட் கட்டும் இரும்புக் கம்பங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது, ஆனால் அது இப்போது ஆசிரியர்களின் டூவீலர் கொட்டகைக்குத் தகரக் கூரை தாங்குகிறது. கட்டடம் தேவைதான், குழந்தைகள் மரத்தடியில் படித்துக்கொண்டிருந்தார்கள். அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். அந்தப் பள்ளிக்கு மைதானம் உண்டா என்று கேட்டால் ஏட்டின்படி உண்டு என்பதுதான் சிக்கல்.

புதிய கொள்கை, அதாவது 'கேலோ பாரத் நீதி', பள்ளிக் கல்வியோடு விளையாட்டை இணைப்பதைத் தன் ஐந்து தூண்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. முன்னேற்றத்தை அளக்கும் குறியீடுகளோடு ஒரு தேசியக் கண்காணிப்பு ஏற்பாட்டையும் அறிவிக்கிறது. இங்கேதான் என் கவலை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆறு பதக்கம், அதில் தங்கம் இல்லை என்பதை எண்ணுவது எளிது. 2036 ஒலிம்பிக்கை நடத்தும் ஆசையும் சேர்ந்துகொண்டால், அளவுகோல் தானாகவே பதக்கப் பட்டியல் பக்கம் சாய்ந்துவிடும். ஏதேனும் ஒரு மாவட்டத்தில் ஒரு மாணவிக்கு எத்தனை சதுர அடி விளையாட்டு நிலம் இருக்கிறது என்ற கேள்வி, அந்தக் குறியீடுகளில் ஒன்றாக எழுதப்பட்டாலொழிய, யாராலும் கேட்கப்படாது.

மாநிலங்களைக் கட்டாயப்படுத்த மத்திய அரசுக்கு அதிகாரம் இல்லை என்பதை ஏற்றுக்கொண்டே, அதன் கையில் உள்ள முதல் கருவியான நிதியை இதற்குப் பயன்படுத்தலாம். 2025-26 நிதிநிலை அறிக்கையில் மத்திய அரசின் விளையாட்டு மேம்பாட்டுத் திட்டமான கேலோ இந்தியாவுக்கு மட்டும் 1,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதில் மாநிலங்களுக்குப் போகும் பங்கின் ஒரு பகுதியை, பள்ளி மைதானங்களை அளந்து பதிவேட்டில் ஏற்றி, வேறு உபயோகத்துக்கு மாற்றினால் ஈடான நிலம் தர வேண்டும் என்று சட்டமியற்றும் மாநிலங்களுக்கு ஊக்கத்தொகையாக வைக்கலாம். இதற்குப் புதிய கணக்கெடுப்புகூடத் தேவையில்லை. மைதானம் இருக்கிறதா என்று ஒவ்வொரு பள்ளியிடமும் கல்வி அமைச்சகம் ஆண்டுதோறும் யூடைஸ் என்ற பள்ளித் தகவல் படிவத்தில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஆம், இல்லை என்ற விடைக்குப் பக்கத்தில், எத்தனை சதுர மீட்டர் என்று ஒரு கட்டத்தைச் சேர்த்தால் போதும்.