மலை, கண்மாய், வெயில்: மதுரைக்குப் பக்கத்திலேயே நிலக்காட்சிப் படம் எடுக்க இடம் தேடுவது

மதுரையில் இருந்துகொண்டு நல்ல நிலக்காட்சிப் படம் வேண்டுமென்றால் கொடைக்கானலுக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. ஊரைச் சுற்றி 25 கிலோமீட்டர் வட்டத்துக்குள் யானைமலை, நாகமலை, கீழக்குயில்குடி சமணர் மலை, திருப்பரங்குன்றம், அழகர்மலை, அரிட்டாபட்டிக் குன்றுகள் என்று வரிசையாக மலைகள் இருக்கின்றன. அக்கம்பக்கத்தில் கண்மாய்களும் உண்டு. பலர் இவற்றைக் காலை பத்து மணி வெயிலில் பார்த்துவிட்டு, வெறும் மொட்டைப் பாறை என்று கடந்துபோகிறார்கள். பாறையின் எந்தப் பக்கம் எந்த மாதம் வெயில் விழும், கண்மாயில் எப்போது தண்ணீர் நிற்கும், எங்கே நின்றால் இரண்டும் ஒரே படத்துக்குள் வரும் என்ற மூன்றையும் வீட்டில் உட்கார்ந்தே கணக்குப் போட்டுவிடலாம். இடம் தேடுவதில் முக்கால் வேலை அதுதான்.

முதலில் கண்மாய். செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்தால் கண்மாயின் கரை பிறை போல வளைந்த கோடாகத் தெரியும். கரைக்குக் கீழே ஆயக்கட்டு வயல்கள், அதாவது அந்தக் கண்மாய்த் தண்ணீர் பாயும் வயல்கள், பச்சையாக, கட்டம் கட்டமாக இருக்கும். மறுபக்கம் தண்ணீரோ, தண்ணீர் இல்லாத மாதத்தில் எடுத்த படமென்றால் பழுப்பு நிற உள்வாயோ (தண்ணீர் தேங்கும் உட்பகுதி) இருக்கும். இந்தப் பகுதியில் நிலம் பொதுவாக மேற்கிலிருந்து கிழக்கும் தென்கிழக்குமாகச் சரிவதால், பெரும்பாலான கண்மாய்களுக்குக் கரை கிழக்கிலோ தென்கிழக்கிலோதான் இருக்கும். படம் எடுப்பவருக்கு இது மிகப் பெரிய வசதி. கரையில் நின்றால் தண்ணீருக்கு அப்பால் மேற்குத் திசையைப் பார்க்கிறீர்கள். அந்தப் பக்கம் மலை இருந்தால், காலை வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்து மலையின் முகத்தில் நேராக விழும். காற்று எழும்பாத நேரம் என்பதால் அதன் பிம்பம் தண்ணீரில் அப்படியே கிடக்கும். மலை இல்லாமல் வெறும் வானம் என்றால் அதே கரை சாயங்கால அஸ்தமனத்துக்கு ஆகும். சூரிய உதயத்தைத் தண்ணீரில் பிடிக்க வேண்டுமென்றால் மட்டும் எதிர்ப்பக்கம், உள்வாய் விளிம்புக்குப் போக வேண்டும். அங்கே ஆழமில்லை, சேறும் சீமைக்கருவேலமும்தான் அதிகம். அதனால் கரையிலிருந்தே எடுக்கக்கூடிய இடங்களை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சூரியன். மதுரை ஏறக்குறைய 10 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. மார்ச், செப்டம்பர் 21-ஐ ஒட்டிய நாட்களில் சூரியன் நேர் கிழக்கில் உதிக்கும். ஜூன் மூன்றாம் வாரத்தில் அது வடக்கே சுமார் 24 டிகிரி நகர்ந்து, திசைகாட்டியில் 66 டிகிரியில் எழும், மறைவது 294-ல். டிசம்பரில் உதயம் 114, அஸ்தமனம் 246. இந்த நான்கு எண்களையும் போனிலுள்ள திசைகாட்டியையும் வைத்துக்கொண்டு எந்த மலைக்கு எந்த மாதம் என்று சொல்லிவிடலாம். போட்டோபில்ஸ் போன்ற செயலிகள் இதையே வரைபடத்தின் மேல் கோடாகப் போட்டுக் காட்டும். கணினியில் கூகுள் எர்த் புரோ இலவசம். நாளையும் நேரத்தையும் நகர்த்தி வெயில் எங்கே விழுகிறது என்று பார்க்கலாம், தரைமட்டத்துக்கு இறங்கி மலையின் வடிவத்தையும் பார்க்கலாம். சின்னப் பாறைகளும் செங்குத்தான முகங்களும் அதில் மழுங்கித்தான் தெரியும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

யானைமலையை எடுத்துக்கொள்வோம். படுத்திருக்கும் யானை போன்ற அந்த ஒற்றைப் பாறையின் நீளம் வடகிழக்கு–தென்மேற்காகப் போகிறது; தலை ஊரைப் பார்த்து இருக்கிறது. ஆகவே அகலமான இரண்டு பக்கங்களில் ஒன்று தென்கிழக்கையும் மற்றது வடமேற்கையும் பார்க்கும். தென்கிழக்கைப் பார்க்கும் ஒத்தக்கடைப் பக்கத்து முகத்துக்கு நவம்பர் முதல் ஜனவரி வரை காலை வெயில் ஏறக்குறைய நேராக விழும். ஜூன் காலையில் அதே முகத்தில் வெயில் சாய்வாக உரசிக்கொண்டு போகும்; பாறையின் வரிகளும் மழைநீர் வழிந்த கறுப்புத் தாரைகளும் அப்போதுதான் எடுப்பாகத் தெரியும். நேர் வெயில் நிறத்தைக் கொடுக்கும், உரசும் வெயில் தோலின் சொரசொரப்பைக் கொடுக்கும். யானைமலைக்கு எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். வடமேற்கு முகத்தை மே முதல் ஜூலை வரை சாயங்காலம் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் நின்றால் யானை. தென்மேற்கு முனையில் நின்றால் ஒரு பெரிய மண்டை மட்டும். யானை என்று படம் பார்ப்பவருக்குப் புரிய வேண்டுமென்றால் பக்கவாட்டை விட்டால் வேறு வழியில்லை.

நேரத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். உதயத்துக்குப் பின் ஒரு மணி நேரம் பொன்வெயில் இருக்கும் என்று குளிர்நாட்டுக்காரர்கள் எழுதுவது அவர்கள் ஊருக்குப் பொருந்தும். நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறுகிறது. அடிவானத்திலிருந்து 6 டிகிரி உயர 25 நிமிடம், மிஞ்சினால் 27. அதற்குள் எடுத்தாக வேண்டும். உதயத்துக்கு முன்னால் வானம் நிறம் மாறுவதும் இருபது நிமிடச் சொச்சம்தான். ஆகவே உதயத்துக்கு 40 நிமிடம் முன்பே கரையில் ட்ரைபாட் நின்றிருக்க வேண்டும். கிழக்கே இன்னொரு குன்று இருந்தால் வெயில் அதைத் தாண்டி வரத் தாமதமாகும். தாண்டி வரும்போது நிறமும் வெளுத்திருக்கும். இதை முன்கூட்டியே பார்க்கக் கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் போதும். முஷ்டியின் அகலம் சுமார் 10 டிகிரி. குன்று அரை முஷ்டி உயரம் என்றால் இருபது நிமிடம் போய்விட்டது என்று அர்த்தம்.

அதே முஷ்டி லென்ஸ் விஷயத்திலும் கைகொடுக்கும். தரையிலிருந்து 100 மீட்டர் உயரமுள்ள குன்று, 2 கிலோமீட்டர் தள்ளி நின்றால் 3 டிகிரி உயரம்தான் தெரியும். போனின் சாதாரணக் கேமராவைக் குறுக்காகப் பிடித்தால் மேலிருந்து கீழாக 50 டிகிரி போல விழும். மலை படத்தின் உயரத்தில் பதினேழில் ஒரு பங்குக்கு மேல் வராது. கண்ணுக்குப் பெரிதாக இருந்த மலை படத்தில் மேடாகச் சுருங்குவதற்குக் காரணம் இதுதான். அகலக் கோணத்தை மூடிவிட்டு ஜூமில் 2 மடங்கோ 3 மடங்கோ போங்கள். கேமரா என்றால் 70 முதல் 135 மி.மீ. லென்ஸ். இல்லையென்றால் அரை கிலோமீட்டருக்குள் நெருங்கிப் போங்கள். சமணர் மலை அடிவாரத்துத் தாமரைக் குளம் போன்ற இடத்தில்தான் 24 மி.மீ. அகலக் கோண லென்ஸ் பொருந்தும், முன்னால் தாமரை, பின்னால் பாறை. முழுச்சட்ட (ஃபுல் ஃப்ரேம்) சென்சாரில் லென்ஸ் துவாரத்தை எஃப் 11-இல் வைத்து 1.75 மீட்டரில் ஃபோகஸ் செய்தால் 90 செ.மீ.யிலிருந்து மலை வரை எல்லாம் தெளிவாக இருக்கும். தாமரை காலையில் விரிந்து உச்சிக்கு முன்பே கூம்பத் தொடங்கும். இலை அடர்ந்த இடத்தில் பிம்பம் விழாது. பிம்பம் வேண்டுமென்றால் இலையில்லாத துண்டுத் தண்ணீரைத் தேடி, கேமராவைத் தண்ணீர் மட்டத்துக்கு அருகில் இறக்குங்கள். பளபளப்பைக் குறைக்க லென்ஸ் முன் மாட்டும் போலரைசர் ஃபில்டர் பிம்பத்தையே அழித்துவிடும். இலை மினுமினுப்பைக் குறைக்க மட்டும் அதைத் திருப்புங்கள்.

தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காமல் கிளம்பக் கூடாது. வடகிழக்குப் பருவமழையில் அக்டோபர் கடைசியிலிருந்து கண்மாய்கள் நிறையத் தொடங்கும். நல்ல மழை ஆண்டில் டிசம்பரில் மறுகால் பாயும், அதாவது நிறைந்து உபரித் தண்ணீர் வெளியேறும். கலுங்கில் (உபரித் தண்ணீர் வழியும் கல் கட்டு) வழியும் தண்ணீரை அரை நொடி ஷட்டரில் எடுக்க அதுதான் காலம். சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் ஐரோப்பிய ஒன்றியத்தின் கோபர்நிகஸ் தளத்தில் இலவசம். ஐந்து நாட்களுக்கு ஒரு முறை, 10 மீட்டர் துல்லியம். கண்மாயில் தண்ணீர் எந்த மூலை வரை நிற்கிறது என்று போன வாரப் படத்திலேயே தெரியும், மேகம் மறைக்காமல் இருந்தால். டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரை, முந்தின நாள் வானம் தெளிந்து காற்றும் இல்லாத இரவென்றால் விடியலில் வயல்மேல் பனிமூட்டம் இறங்கும். வெயில் ஏற ஏறக் கலைந்துவிடும். மேகம் போர்த்திய இரவில் தரை குளிராது, மூட்டமும் வராது.

தண்ணீர் வற்றிய மாதங்களிலும் வேலை இருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையைக் கொட்டிவிட்டு, மதுரைக்கு மேகத்தை மட்டும் அனுப்பும். கரையிலுள்ள பனைகளுக்குப் பின்னால் ஓடும் அந்த மேகங்கள் நீள ஷட்டருக்கு (ஷட்டரைச் சில நொடிகள் திறந்து வைத்து எடுப்பது) அருமையானவை. இதில் கெடுப்பது பழனி மலைப் பக்கம் திரளும் மேகச் சுவர். தலைக்கு மேல் வானம் அழகாக இருக்கும், ஆனால் வடமேற்கில் அஸ்தமன வெயில் அடைபட்டு நிறமே வராது. சாயங்காலம் ஐந்து மணிக்கு இந்திய வானிலைத் துறை இணையப் பக்கத்தில் இன்சாட் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, அந்தத் திசையில் இடைவெளி இருந்தால் மட்டும் போங்கள்.

நிலவோடு மலையை எடுக்கப் பௌர்ணமி அன்று போகாதீர்கள். அன்று நிலவு அஸ்தமனத்தை ஒட்டி உதித்து, மலைக்கு மேல் வரும்போது தரை இருண்டிருக்கும். நிலவு வெள்ளை வட்டமாக வெளுத்துப்போகும். பௌர்ணமிக்கு முந்தின நாள் அது முக்கால் மணி நேரம் போல முன்னதாக எழும். மலையின் உச்சியைத் தாண்டும்போதும் மேற்கு வெயில் பாறையில் இருக்கும், ஒரே அளவு ஒளியில் இரண்டும் பதியும். நிலவின் அகலம் அரை டிகிரி, 200 மி.மீ. லென்ஸில் படத்தின் உயரத்தில் பதின்மூன்றில் ஒரு பங்கு. கோபுரமோ தனிப்பாறையோ நிலவளவு தெரிய வேண்டுமென்றால், அதன் அகலத்தைப் போல 115 மடங்கு தூரத்தில் நிற்க வேண்டும்.

களத்தில் சில விஷயங்கள். வற்றிய உள்வாயில் மேலே வெடித்துக் காய்ந்த வண்டலுக்கு அடியில் முழங்கால் ஆழம் சேறு இருக்கலாம். ஆடு மாடு நடந்த தடத்தில் மட்டும் போங்கள். மடையின் (வயலுக்குத் தண்ணீர் திறக்கும் வாய்) கல் பாசியில் வழுக்கும். பயிர் நிற்கும் வயலில் வரப்பில் ஏறுமுன் வயல்காரரிடம் கேட்டுவிடுவது மரியாதை. எந்தப் பக்கம் மூட்டம் நிற்கும் என்பதையும் அவரே சொல்வார்.

மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டி தனியாகச் சொல்ல வேண்டிய இடம். ஏழு குன்றுகள், ஆனைகொண்டான் முதலான கண்மாய்கள், குடைவரைச் சிவன் கோயில், தமிழ் பிராமிக் கல்வெட்டு எல்லாம் ஒரே நடையில். 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அது அறிவிக்கப்பட்டது. வல்லூறு வகைகளும் ராஜாளிக் கழுகும் அந்தப் பாறை விளிம்புகளில் வாழ்கின்றன. ட்ரோனைக் கண்டால் கூட்டை விட்டுப் பறந்துவிடும், குஞ்சு வெயிலில் தனியாகக் கிடக்கும். ஆகவே அங்கே ட்ரோனை எழுப்பாதீர்கள். மற்ற இடங்களிலும், ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்த பிறகுதான். திருப்பரங்குன்றமும் தென்கால் கண்மாயும் விமான நிலையத்துக்குக் கிட்டத்தில் இருக்கின்றன.