டிங்கர் ஷெட்டில் ஒரு சீசன்

2022 பிப்ரவரி தொடங்கி நவம்பர் வரை அமெரிக்காவின் நாஸ்கார் கப் கார் பந்தயத் தொடரில் ஓடும் ஓர் அணியில் டயர் கணக்குப் பார்க்கிற வேலை எனக்கு. அணியின் பெயர் வேண்டாம். பெரும்பாலான அணிகளின் பட்டறைகள் வட கரோலினாவில் சார்லட் நகரைச் சுற்றித்தான் இருக்கின்றன, அதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை கிடைத்ததற்கு என் திறமை பாதிக் காரணம்கூட இல்லை. அந்த வருடம்தான் நெக்ஸ்ட் ஜென் என்கிற புதுக் கார் வந்தது. அதற்கு முன்பு பெரிய அணிகள் சேசிஸை, அதாவது காரின் எலும்புக்கூட்டைப் பற்றவைத்து, தகட்டை அடித்து வளைத்து, தங்கள் காரைத் தாங்களே செய்துகொண்டிருந்தன. புதுக் காரில் சேசிஸ் ஒரு கம்பெனி, கியர்பாக்ஸ் இன்னொரு கம்பெனி என்று எல்லா அணிக்கும் ஒரே இடத்திலிருந்து வந்து இறங்கியது. பாடியில் தகடே கிடையாது, காம்போசிட் என்கிற நார் கலந்த பிளாஸ்டிக். பின்பக்க சஸ்பென்ஷன் மாறியது, வீல் 15 அங்குலத்திலிருந்து 18 ஆனது, ஐந்து நட்டு இருந்த இடத்தில் நடுவே ஒற்றை நட்டு. வருடக்கணக்காக எழுதி வைத்திருந்த செட்டப் நோட்டுகள் எல்லாம் பழைய பேப்பர் ஆகிவிட்டன. யாருக்கும் ஒன்றும் தெரியாது என்கிற அந்த ஒரு வருடத்தில்தான் என்னைப் போன்ற வெளியாளுக்கும் கதவு திறந்தது.

உட்கார எனக்குக் கொடுத்த இடம் பழைய தகட்டு வேலைப் பகுதி, நம்மூரில் டிங்கர் ஷெட் என்போமே, அது. பாதியைக் காலி செய்து மேசை போட்டிருந்தார்கள். அங்கே வேலை பார்த்தவர்களில் பலர் போய்விட்டிருந்தார்கள். அறுபதைத் தாண்டிய ஒருவர் மட்டும் காம்போசிட் பாடிக்கு ஒட்டுப் போடுகிற வேலைக்கு மாறி, என் எதிரிலேயே நின்றுகொண்டிருப்பார். நான் சார் என்று கூப்பிட்டால் அவரும் பதிலுக்கு என்னை சார் என்பார், அந்தப் பக்கத்து வழக்கம் அப்படி. அவர் ஒருநாளும் என்னிடம் முகம் சுளித்ததில்லை. எனக்குத்தான் முதல் இரண்டு மாதம் அவர் பக்கம் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

என் வேலை ரப்பர் சுரண்டல் என்று சொன்னால் தப்பில்லை. பந்தய டயரில் பட்டன் கிடையாது, மொழுமொழுவென்றிருக்கும். அங்கங்கே குண்டூசித் துளை போலச் சின்னச் சின்னக் குழிகள் மட்டும். ஓடிவிட்டு வந்த டயர் மேல் டிராக்கில் கிடந்த ரப்பரெல்லாம் அப்பியிருக்கும், அதை ஹீட் கன்னால் சூடாக்கி, பட்டையான கத்தியால் தோசை திருப்புவது மாதிரி வழித்து எடுத்தால் உள்ளே அந்தக் குழி தெரியும். கேஜை விட்டு ஆழம் பார்த்து, உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று எழுத வேண்டும். எந்த ஓரம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் அடுத்த செட்டுக்கு எவ்வளவு காற்று என்று முடிவாகும். அந்த வருடம் பயிற்சி ஓட்டத்துக்குப் பெரும்பாலும் 15, 20 நிமிடம்தான் தந்தார்கள், அதற்குள் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டியிருந்தது. சட்டையைத் துவைத்தாலும் அந்தத் தீய்ந்த வாடை போகாது. 36 பந்தயம், நடுவே ஜூனில் ஒரே ஒரு வாரம் லீவு. அந்த ஒரு வாரமும் தூங்கியே போனது.

செப்டம்பரில் டெக்சஸ் பந்தயம். காற்றைக் குறைத்தால் டயர் நன்றாகப் படிந்து பிடிக்கும், கார் வேகமாகப் போகும், ஆனால் டயரின் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். டயர் கம்பெனி சொல்கிற அளவுக்குக் கீழே எவ்வளவு தூரம் இறங்கலாம் என்பதுதான் அந்த வருடம் எல்லா அணிகளும் ஆடிய சூதாட்டம். பின்பக்க இடது டயருக்கு இன்னும் அரை பிஎஸ்ஐ காற்றழுத்தம் குறைக்கலாம் என்று என் தாளில் எழுதியிருந்தேன். நிச்சயமா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அன்று மொத்தம் 16 முறை, ஓட்டத்தை மெதுவாக்கச் சொல்லும் மஞ்சள் கொடி, முன்னால் ஓடிய கார்களே டயர் போய்ச் சுவரில் இடித்தன. எங்கள் காரும் இடித்தது. டிரைவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கழற்றி வைத்த டயரைப் பார்த்தேன், மேல் ரப்பர் பாதிகூடத் தேயவில்லை, பக்கச் சுவர் மட்டும் சுற்றிலும் பிளேடு போட்டது மாதிரி கிழிந்திருந்தது. மற்றவர்களுக்கும்தானே ஆயிற்று என்று யார் யாரோ சொன்னார்கள். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

செவ்வாய்க்கிழமை பெரியவர் உடைந்த பின்பக்கத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். அந்தக் காற்று நம்பர் என்னுடையது என்று நானே போய்ச் சொன்னேன். "அதுவரைக்கும் வேகமா இருந்துச்சா?" என்றார். இருந்தது என்றேன். "சரி" என்று திரும்பி வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அக்டோபர் கடைசியில் மார்ட்டின்ஸ்வில் பந்தயத்தில் ராஸ் சாஸ்டெய்ன் என்கிற டிரைவர் கடைசிச் சுற்றில் ஐந்தாவது கியரைப் போட்டு, காரைச் சுவரோடு சாத்தி, ஆக்ஸிலேட்டரை விடாமல் வளைவு முழுக்க உரசிக்கொண்டே வந்து ஐந்து கார்களைத் தாண்டினாரே, அன்று நாங்கள் எல்லாரும் வாயைப் பிளந்து நின்றோம். அரை மைல் டிராக்கில் அந்தச் சுற்றுக்கு 18.845 வினாடி. எங்கள் சிமுலேஷனில் சுவர் என்பது தொடக்கூடாத ஒரு கோடு, அவ்வளவுதான். அதன்மேல் சாய்ந்து போகலாம் என்று யாருக்குத் தோன்றும்!

நவம்பரில் ஃபீனிக்ஸில் கடைசிப் பந்தயம். ஜோயி லோகானோ என்கிற டிரைவர் அந்த வருடப் பட்டம் வாங்கினார், நாங்கள் நடுவில் எங்கேயோ வந்தோம். ஆரம்பத்தில் என் தாளுக்காகக் காத்திருந்தவர்கள் அன்று நான் லேப்டாப்பைத் திறப்பதற்குள் காற்று எவ்வளவு என்று முடிவு செய்து பிடித்தும் முடித்திருந்தார்கள். கார் எல்லாருக்கும் பழகிவிட்டது.

டிசம்பரில் பெரியவர் ஓய்வு பெற்றார். அவருடைய டூல் பாக்ஸை நானும் இன்னொரு பையனும் தள்ளிக்கொண்டு போய் அவர் டிரக்கில் ஏற்றினோம். உள்ளே அத்தனையும் சுத்தியல், கனமென்றால் அப்படியொரு கனம், பின் டயர் இரண்டும் அமுங்கிப்போயின. "இதுக்கு எவ்வளவு காத்து வைக்கணும்?" என்று என்னைக் கேட்டுவிட்டு அவரே சிரித்தார். கதவோரம் ஸ்டிக்கரில் போட்டிருக்கும், அதையே வையுங்கள் என்றேன்.