அவரும் கையெழுத்துப் போட வேண்டும்

மகளின் நோட்டுப் புத்தகத்தில் இருந்த இனிஷியல்தான் எல்லாவற்றையும் தொடங்கி வைத்தது. அவள் பெயருக்கு முன்னால் அவளைப் பெற்ற தந்தையின் எழுத்து இருந்தது. பள்ளிக்கு அழைத்துப் போய் வருகிற என் எழுத்து வேறு. 2019 ஜூனில், "அப்பா பெயர் என்ன?" என்று புது ஆசிரியை கேட்டபோது எந்தப் பெயரைச் சொல்வது என்று தெரியாமல் நின்றாளாம். அன்று இரவே, சட்டப்படி தத்தெடுத்துக்கொள்வது என்று நானும் மனைவியும் முடிவு செய்தோம்.

எளிதாக நடந்துவிடும் என்று நினைத்தேன். மனைவிக்கு 2017இலேயே விவாகரத்து ஆகிவிட்டது. குழந்தை தாயின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று குடும்ப நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. எனக்குத் தெரிந்த பத்திர எழுத்தரோ, "சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு தத்துப் பத்திரம் போட்டால் தீர்ந்தது" என்று சொல்லிவிட்டார்.

வக்கீல் அதைக் கேட்டுவிட்டு, 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டத்தில் 9ஆம் பிரிவை என்னையே படிக்கச் சொன்னார். குழந்தையைத் தத்துக் கொடுக்கும் உரிமை தாய், தந்தை இருவருக்கும் சமமாக உண்டு. ஒருவர் கொடுப்பதற்கு மற்றவரின் சம்மதம் வேண்டும். மற்றவர் உலகைத் துறந்திருந்தால், இந்துவாக இல்லாமல் போயிருந்தால், அல்லது மனநலம் குன்றியவர் என்று நீதிமன்றம் அறிவித்திருந்தால் மட்டும் வேண்டியதில்லை. விவாகரத்து அந்தப் பட்டியலில் இல்லை. மகளைப் பெற்றவர் உலகைத் துறக்கவும் இல்லை. வேறு ஊரில் வேலைக்குச் சேர்ந்திருந்தார், அவ்வளவுதான்.

"பொறுப்பு உங்கள் மனைவியிடம் இருக்கிறது. அதனால் அவர் தந்தை இல்லை என்று ஆகிவிடுமா?" என்று வக்கீல் கேட்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஜீவனாம்சம் ஒழுங்காக வந்த மாதங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். காய்ச்சலுக்கு விழித்திருந்தவன் நான், கையெழுத்து மட்டும் அவருடையதா?

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் வழியாகப் போவது என்று முடிவானது. தத்தெடுப்புகளைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான காராவின் (CARA) இணையதளத்தில் பதிய வேண்டும். பெற்றவர்களின் சம்மதப் பத்திரம் வேண்டும். குழந்தைக்கு ஐந்து வயது நிறைந்திருந்தால் அதன் சம்மதமும் வேண்டும். ஆனால் எங்களால் பதிவையே தொடங்க முடியவில்லை. குழந்தையைப் பார்க்கும் நாள்களைக் கூட்டித் தரும்படி அவர் போட்டிருந்த மனு குடும்ப நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தது. குழந்தையின் பொறுப்பு பற்றிய வழக்கு முடியும் வரை மாற்றாந்தந்தை தத்தெடுக்கும் நடைமுறையைத் தொடங்கக் கூடாது என்பது விதி. அந்த மனு 2021 கடைசியில்தான் முடிந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் போய்விட்டது, பாதி கொரோனாவில்.

அதற்குள் உறவுக்குள் ஒரு பஞ்சாயத்து. மனைவியின் பெரியப்பா நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்: "ஜீவனாம்ச பாக்கியைத் தள்ளிவிடுங்கள் மாப்பிள்ளை, அவன் கையெழுத்துப் போட்டுவிடுவான்." எனக்கும் அது நியாயமாகவே பட்டது. வக்கீலிடம் போனில் சொன்னபோது அவர் போட்ட சத்தம் பக்கத்தில் இருந்த மனைவிக்குக் கேட்டது. குழந்தையைத் தத்துக் கொடுப்பதற்காகப் பணம் கைமாறவில்லை, மாறுவதாகப் பேச்சும் இல்லை என்று திருப்தி அடைந்த பிறகுதான் தத்தெடுப்பு ஆணை பிறப்பிக்க வேண்டும் என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 61ஆம் பிரிவு. "கடனைத் தள்ளுவதும் பணம் கொடுப்பதுதான். மகளை விலை பேசியதாக ஆகிவிடும்" என்றார். பெரியப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு நாள் அவர் போனை எடுக்கவில்லை.

2022 மார்ச்சில் மகளைப் பெற்றவரை வக்கீல் அறையில் சந்தித்தோம். நான் அவரை நேரில் பார்த்தது அதுதான் முதல் முறை. கையெழுத்துப் போட்டால் ஜீவனாம்சம் கட்ட வேண்டியதில்லை என்ற அளவுக்குத்தான் அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. வக்கீல் அதே சட்டத்தின் 63ஆம் பிரிவை நிதானமாக விளக்கினார். ஆணை வந்த நாளிலிருந்து அவள் எங்களுக்கே பிறந்தவளாகக் கருதப்படுவாள். உங்கள் வழியில் இருக்கும் உறவுகள் எல்லாம் சட்டத்தின் கண்ணில் அறுந்துவிடும். பார்க்கும் உரிமை இருக்காது. வாரிசு உரிமை இருக்காது. அவர் மேசையில் இருந்த குண்டூசி டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "என் அம்மா அவள் பெயரில் பேங்கில் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறார்கள், அது என்ன ஆகும்?" என்று கேட்டார். ஆணைக்கு முன்பே குழந்தைக்குச் சொந்தமாகிவிட்ட சொத்து குழந்தைக்கே இருக்கும் என்று வக்கீல் சொன்னார். "அது போதும்" என்று எழுந்தவர் கையெழுத்துப் போடாமலே போய்விட்டார்.

நான் கொதித்தேன். "யோசிக்கட்டும், யோசித்துப் போடுகிற கையெழுத்துதான் உங்களுக்கும் நல்லது" என்றார் வக்கீல். குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கிற பெற்றோருக்குக்கூட மனம் மாறுவதற்கு இரண்டு மாத அவகாசத்தைச் சட்டம் தருகிறதாம். எங்கள் வழக்குக்கு அந்த விதி பொருந்தாது. ஆனாலும் ஐந்தாவது வாரம் அவராகவே வந்து, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்துப் போட்டார்.

மே மாதம் மனுத் தாக்கல் செய்தோம். ஜூலையில் நீதிபதி கதவை மூடிக்கொண்டு விசாரித்தார். தத்தெடுப்பு வழக்குகளை அப்படித்தான் விசாரிக்க வேண்டும். என்னிடம் ஆறேழு கேள்விகளோடு முடிந்தது. மகளைப் பெற்றவரிடம் அரை மணி நேரம். யாராவது வற்புறுத்தினார்களா, பணம் தந்தார்களா, இனி மகள் என்று உரிமை கோர முடியாது என்பது புரிகிறதா என்று ஒரே கேள்வியையே மூன்று விதமாகக் கேட்டார். ஒவ்வொரு முறையும் அவர் பதில் சொல்லத் தயங்கியபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஆணை வருவதற்குள் செப்டம்பர் 1 வந்தது. 2021இல் செய்த சட்டத் திருத்தம் அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. தத்தெடுப்பு ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் நீதிமன்றத்திடமிருந்து மாவட்ட ஆட்சியருக்குப் போனது. நிலுவையில் இருந்த வழக்குகளும் அங்கே மாற்றப்படும் என்றார்கள். மனுவை இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருப்பதை வக்கீலிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் என்ன செய்வார், பாவம். எங்கள் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்பதே இரண்டு மாதம் தெரியவில்லை.

நவம்பரில் மறுபடியும் முதலிலிருந்து விசாரணை. மகளைப் பெற்றவர் மறுபடியும் வர வேண்டும். வரமாட்டார் என்றே நினைத்தேன். மழையில் நனைந்துகொண்டு எங்களுக்கு முன்பே வந்து ஆட்சியர் அலுவலக வராண்டாவில் நின்றிருந்தார். அதே கேள்விகள், அதே பதில்கள். இந்த முறை தயக்கம் இல்லை. எனக்கோ அது ஏனோ நிம்மதியாக இல்லை.

பிறகு மகளைத் தனியாக அழைத்துப் பேசினார்கள். ஒன்பது வயது. பத்து நிமிடம் கழித்து வெளியே வந்தாள். என்ன கேட்டார்கள் என்றேன். "அது ரகசியம்" என்றாள். இன்றுவரை சொல்லவில்லை.

2023 ஜனவரியில் ஆணை வந்தது. அதை வைத்துப் புதிய பிறப்புச் சான்றிதழ் வாங்கினோம். அவளுடைய அப்பத்தா ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்கிறார். அதற்குக் காகிதத்தில் எந்த ஏற்பாடும் இல்லை, கேட்டபோது சரி என்றோம், நடக்கிறது.

ஜூனில் புது நோட்டுகளுக்கு லேபிள் ஒட்டினோம். ஒன்பது நோட்டில் என் எழுத்தைப் போட்டாள். பத்தாவதில் கை பழக்கத்தில் பழைய எழுத்தை எழுதிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். மேலே வேறு லேபிள் ஒட்டட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம், இது ரஃப் நோட்டுதான்" என்று பைக்குள் வைத்துக்கொண்டாள்.