கெட்டியாக வந்த ரத்தம்

மாலை டியூட்டிக்கு வந்து கையெழுத்துப் போடுவதற்குள் சங்கு குளிக்கும் ஒருவரை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். வலது தோளைப் பிடித்தபடி குனிந்தே நடந்து வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். "சும்மா தோள்வலிதான் சிஸ்டர், தைலம் தேச்சும் கேக்கல" என்றார். சட்டையைக் கழற்றினால் வயிற்றிலும் விலாவிலும் சிவப்பும் நீலமுமாக, மேலே வலையை விரித்துப் போட்டதுபோல் திட்டுகள். ஆழத்திலிருந்து சட்டென்று மேலேறுகிறவர்களுக்கு வரும் அழுத்தக்குறைவு நோய்க்கு, காற்றழுத்தத்தை ஏற்றும் மூடிய அறையில் வைத்துத்தான் வைத்தியம். அந்த அழுத்த அறையில் வேலை பார்க்கும் நாங்கள் தோள்வலியைவிட அந்தத் தோலுக்குத்தான் அதிகம் பயப்படுவோம்.

ரத்தம் எடுத்தேன். சிரிஞ்சை இழுக்கும்போதே கைக்குத் தெரிந்தது. டியூபைச் சாய்த்தால் சுவரில் ஒட்டிக்கொண்டு மெதுவாக வழிந்தது. நாள் முழுக்க வெயிலில் வள்ளத்தில் கிடந்த மனிதர், தண்ணீர் குடித்திருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். லேபிலிருந்து பிசிவி 55 என்று வந்தது. ரத்தத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு சிவப்பணுக்கள் என்று சொல்லும் எண் அது; ஆண்களுக்குப் பெரும்பாலும் 40க்கும் 50க்கும் நடுவில் இருக்கும்.

சீட்டைப் பார்த்த டாக்டர், "வேர்வை மட்டும் இல்லம்மா, ரத்தக் குழாயே ஒழுகுது" என்றார்.

அதுவரை இந்த நோயை நான் குமிழிக் கணக்காகத்தான் புரிந்துவைத்திருந்தேன். கடலில் பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். மேலே கம்ப்ரசர் ஓட, வாயில் ஓஸைக் கவ்விக்கொண்டு 18 மீட்டரில் சங்கு தேடுகிறவர் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அழுத்தத்தில் காற்றை இழுக்கிறார். அதிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்துகொண்டே போகும். அந்த ஆழத்தில் சுமார் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் நேராக மேலே வரக் கூடாது, நின்று நின்றுதான் வர வேண்டும். இவர் காலையிலிருந்து நாலு தடவை இறங்கியிருக்கிறார், ஒரு தடவையும் நடுவில் நிற்கவில்லை. கரைந்த வாயு குமிழியாகிவிட்டது. பால் பெர் என்ற பிரெஞ்சுக்காரர் 1878லேயே இதைக் காட்டிவிட்டார்.

இதை விளக்க எல்லோரும், திறந்ததும் நுரைத்து வரும் சோடா பாட்டிலைத்தான் சொல்வார்கள். நானும் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் சோடா பாட்டிலின் கண்ணாடிக்கு உயிர் கிடையாது. ரத்தக் குழாயின் உட்புறம் ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு விரிப்பு இருக்கிறது. குழாய் எப்போது விரிய வேண்டும், ரத்தம் எங்கே உறையக் கூடாது, எவ்வளவு நீர் வெளியே போகலாம் என்பதையெல்லாம் அதுதான் பார்த்துக்கொள்கிறது. குமிழி அதன்மேல் உரசிக்கொண்டு போனால் செல்கள் சிராய்ந்து, இடைவெளி விட்டுவிடும். ரத்தத்தின் நீர்ப்பகுதி அந்த வழியாகத் திசுவுக்குள் கசியும், உள்ளே மிச்சமிருப்பது கெட்டியாகும். சிராய்த்த இடத்தில் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் வந்து ஒட்டும், பின்னாலேயே வெள்ளணுக்களும் வரும். நான் டியூபைச் சாய்த்துப் பார்த்தது இதைத்தான்.

சரி, ட்ரிப்ஸ் போட்டு அழுத்த அறைக்குள் அழைத்துப் போனோம். நோயாளியுடன் ஒரு நர்ஸும் உள்ளே உட்கார வேண்டும், அன்று என் முறை. அழுத்தம் ஏற ஏற அறை சூடாகும், காது அடைக்கும், பேச்சு மூக்கால் வரும். நான் பார்த்துக்கொண்டிருந்தது ட்ரிப்ஸ் குழாயில் சொட்டு விழும் அந்தச் சின்னக் கூட்டை. அதிலுள்ள காற்று சுருங்க, நீர்மட்டம் ஏறிக்கொண்டே வந்து, கடைசியில் சொட்டே தெரியாமல் கூடு நிரம்பிவிடும். 2.8 வளிமண்டல அழுத்தத்தில் காற்று ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். அவர் ரத்தத்துக்குள் நடப்பதும் அதுதான். ஆனால் உருண்டையான குமிழியின் கொள்ளளவு மூன்றில் ஒன்றானாலும் அகலம் முப்பது விழுக்காடுதான் குறையும். அழுத்தம் மட்டும் போதாது. முகமூடியில் சுத்த ஆக்சிஜன் கொடுத்து நைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். 18 மீட்டர் அழுத்தத்தில் இருபது இருபது நிமிடமாக மூன்று தடவை, அப்புறம் 9 மீட்டருக்கு வந்து ஒரு மணி நேரமாக இரண்டு தடவை. இடைவெளிகளும் சேர்த்து மொத்தம் 4 மணி 45 நிமிடம். அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டு வரும்போது ட்ரிப்ஸ் கூட்டிலுள்ள காற்று விரிந்து நோயாளியின் ரத்தக் குழாய்க்குள் போய்விடாமல் கண் இமைக்காமல் பார்க்க வேண்டும். குமிழிக்கு வைத்தியம் பார்க்கப் போய் நாமே குமிழி ஏற்றிவிடக் கூடாதல்லவா.

உள்ளே போன பத்தாவது நிமிடம் தோள்வலி போய்விட்டது. மனிதர் சிரித்தார். வெளியே வந்ததும் அவர் மனைவியிடம், "சரியாயிடுச்சு, காலையில வீட்டுக்குப் போகலாம்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. விடியற்காலை மூன்று மணிக்கு, "காலு மரமரன்னு இருக்கு சிஸ்டர்" என்றார். சிறுநீரும் போகவில்லை. குமிழி கரைந்திருக்கலாம், ஆனால் சிராய்த்த இடத்தில் சேர்ந்தவை எங்கே போகும்? தண்டுவடத்தைச் சுற்றியுள்ள சிரைகளில் ஓட்டம் தேங்கினால் முதலில் அடிபடுவது காலும் சிறுநீர்ப்பையும்தான். மறுபடி அறை, மறுபடி ட்ரிப்ஸ். நான்கு நாளில் நடந்தார், கொஞ்சம் காலை இழுத்துக்கொண்டு.

வலியே வராதவர்களும் தப்புவதில்லை என்று பிறகு படித்தேன். நார்வேயின் ட்ரொண்ட்ஹைமிலும் குரோஷியாவின் ஸ்ப்ளிட்டிலும் உள்ள ஆய்வாளர்கள் 2005இல் இதைச் சோதித்தார்கள். கையில் பட்டையைச் சற்று நேரம் இறுக்கிவிட்டு அவிழ்த்தால், திரும்பப் பாயும் ரத்தத்துக்கு இடம்விட்டுத் தமனி விரிய வேண்டும். ஒரே ஒரு முறை உயர்ந்த காற்று அழுத்தத்தில் இருந்துவிட்டு வந்தவர்களுக்கே, எந்த நோய்க்குறியும் இல்லாத நிலையில், அந்த விரிவு குறைந்திருந்தது.

மூன்றாம் வாரம் அந்தச் சங்கு குளிப்பவரோடு, அவரை வேலைக்கு வைத்திருக்கும் சம்மாட்டியும் வந்திருந்தார். முன்பணம் கொடுத்திருக்கிறார், சீசன் போய்க்கொண்டிருக்கிறது. "ஆள் நல்லாத்தானே நடக்கிறாரு?" என்று என்னைத்தான் கேட்டார். டாக்டர் இன்னும் கூடாது என்று எழுதிக்கொடுத்தார். சம்மாட்டி சீட்டை மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், நோயாளியிடம் கொடுக்கவில்லை.

"உள்ளுக்குள்ள ஆறிடுச்சான்னு பாக்க ஒரு டெஸ்ட் இருக்கா சிஸ்டர்?" என்று நோயாளி கேட்டார். எங்கள் வார்டில் அப்படி எதுவும் இல்லை. ரத்தம் எடுத்தேன், டியூபில் தண்ணீர்போல் இறங்கியது. பிசிவி 43. அந்த எண் குழாயின் உட்புறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது என்று தெரிந்தும், அவர் கேட்டதால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அதை அவரே வைத்துக்கொண்டார்.